ஒரு தட்டுக்கு ஒரு பூ

எங்கள் ஊர் வெள்ளைக்கரட்டில் மல்லிகை சாயங்காலம்தான் விரியும், அது மல்லிகைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், மதுரைப் பூ மார்க்கெட்டுக்கும் தெரியும். அப்படியிருக்க, கூரியர்க்காரர் கொடுத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த புதுக் கீபோர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஓடுகிறதா பார்ப்போமே என்று என் மகள் பேரை அடித்த அந்தக் காலை வேளையில், எத்தனை தட்டு தட்டினேனோ அத்தனை மொட்டு என் தலைச் சரத்தில் விரிந்தது. மடியில் இருந்த மகிழினி மூக்கைச் சுளித்து அண்ணாந்து பார்த்தாள். அடித்ததை அழித்துவிட்டு ஒழுங்காக வேலையைப் பார்ப்போம் என்று அழிக்கிற விசையைத் தட்டினேன். அதற்கும் ஒரு பூ விரிந்தது. எழுத்தை அழிக்கலாம், விரிந்த பூவை மூட முடியாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

பூவை அப்புறம் சொல்கிறேன், முதலில் கீபோர்டைச் சொல்லிவிடுகிறேன், நாள் முழுக்கத் தட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு உபயோகமாக இருக்கும். டிவி சீரியலில் பேசுகிற வசனத்தை ஹெட்போனில் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுப்பது என் வேலை. காது கேளாதவர்கள் படத்துக்கு அடியில் அதைப் படித்துக்கொள்வார்கள். ஒரு மாமியார் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு பேச்சு நடக்கும் என்று பேசுகிறவர்களுக்குத் தெரியாது, அதை அடிக்கிறவளுக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த பழைய கீபோர்டு தட்டையானது, உள்ளே ரப்பர் மெத்தை, அடிமட்டம் வரைக்கும் அமுக்கினால்தான் எழுத்து விழும், நமுத்த அப்பளத்தை அமுக்குகிற மாதிரி இருக்கும். அதை அமுக்கி அமுக்கி என் விரல்கள் மரத்துப்போய், பிள்ளைக்குச் சோறு ஊட்டினால் பருக்கை வாய்க்குப் போகாமல் கன்னத்துக்குப் போயிற்று. வேலை வேண்டும், கையும் வேண்டும் என்றுதான் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கத் துணிந்தேன்.

அதில் ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் தனித்தனி ஸ்பிரிங், தனித்தனி ஸ்விட்ச். ஸ்விட்ச் பெரும்பாலும் மூன்று நிறம். நீலத்துக்கு வாய் உண்டு, பாதி வழி இறங்கும்போதே டக் என்று சொல்லும். பழுப்பு பேசாது, ஆனால் பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். சிவப்பில் மேடும் கிடையாது, டக்கும் கிடையாது, எண்ணெய் பூசின மாதிரி இறங்கும். வீடியோ வீடியோவாகப் பார்த்து நான் நீலத்தைப் பிடித்தேன். மடியில் ஒருத்தி திமிறும்போது திரையைப் பார்க்காமலே எழுத்து விழுந்ததா என்று தெரிய வேண்டுமல்லவா. என் வீட்டுக்காரர் வீரணன் பூ வேன் ஓட்டுகிறவர், மனுஷன் நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அவரே அன்றைக்கு, சேலையைப் போட்டோவில் பார்த்து எடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் வீடியோவில் பார்த்துக் கீபோர்டு வாங்குகிறாயே என்றார். சேலை உடம்புக்கு, இது விரலுக்கு என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இப்போது பூ. எங்கள் ஊரில் ஒரு புது மோட்டார் வந்தால் எத்தனை வயலுக்குத் தண்ணீர் எட்டும் என்று பார்ப்பார்கள் அல்லவா, அதே மாதிரிதான் இதையும் பார்த்தார்கள். ஒரு தட்டுக்கு ஒரு பூ. கிட்டத்தில் இருக்கிற மொட்டு முதலில், அடுத்தது அடுத்து. அன்றைக்கு முற்றின வெள்ளை மொட்டு மட்டும்தான் கேட்கும், நாளைக்கு முற்ற வேண்டிய பச்சை மொட்டு காதே கொடுக்காது. ஏன் இப்படி என்று கேட்டவர் இரண்டொருவர்தான், அவர்களும் டீ ஆறும் வரைக்கும் கேட்டார்கள். மற்றவர்களுக்கு இதை வைத்து என்ன செய்யலாம் என்பதே கவலை. மத்தியானம் வெளியூர்ப் பயணம் கிளம்புகிற பெண்கள் என் ஜன்னலுக்கு வெளியே வந்து முதுகைக் காட்டி நின்று, எனக்கு ஒரு வரி அடித்துவிடு அழகு என்பார்கள். அழகுமீனா என்கிற என் பேரில் மீனாவை இந்த ஊர் என்றைக்கோ சாப்பிட்டுவிட்டது. கோயில் பூசாரி உச்சிக்காலப் பூசைக்கு முன்னால் மாலையோடு வருவார், அம்மன் பேரையே அடித்து அம்மன் மாலையை விரித்துக் கொடுப்பேன். களத்தில் பூவை எடை போடுகிற தவசி அண்ணன், அழுகைக் காட்சிக்கு விரிந்த பூவில்தான் வாசம் தூக்கல் என்று அடித்துச் சொல்வார். சண்டைக் காட்சிதான் என்று அவர் சம்சாரம் சொல்லும். இதை வைத்து அந்த வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

எல்லாரையும்விட எனக்கு நெருக்கம் சுருளியம்மா மதினி. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் தோட்டம், ஜன்னலைத் திறந்தால் அவர்கள் செடி என் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும். ஊரில் பூப்பறிக்கிற பெண்களுக்கெல்லாம் முன்னத்தி ஏர் அவர்கள்தான். சீரியல் என்றால் உயிர். அடுத்த நாள் கதை எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதும், வெளியே சொல்ல மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் தினமும் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அந்தக் கதையில் ஒரு மருமகள், வீட்டை விட்டுப் போ என்று மாமியார் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவளும் ஒரு வருஷமாகப் பெட்டியைக் கட்டுகிறாள், பிரிக்கிறாள். போயிருவாளா என்று மதினி கேட்பார்கள். டிவியில் பாருங்கள் என்பேன். நல்லா இருப்படி என்று வைதுவிட்டுப் போவார்கள்.

எல்லாரும் பூவெடுத்து, களத்தில் எடை போட்டு, வேனும் கிளம்பின பிறகுதான் நான் தட்ட ஆரம்பிப்பேன், அதனால் ஊருக்கு நஷ்டமே இல்லை. வைகாசியில்தான் சிக்கல் வந்தது. மதுரையில் வேலை கொடுக்கிற ஷர்மிளா மேடம் கூப்பிட்டு, இன்னொரு சீரியலும் தருகிறேன், ஒத்துக்கொண்டால் வேலை நிரந்தரம், ஆனால் விடியக்காலம் எபிசோடு வந்ததுமே உட்கார வேண்டும் என்றார். நான் வீரணனைப் பார்த்தேன், வீரணன் மகிழினியைப் பார்த்தார், சரி என்றேன். ஊர் பூப்பறிக்கிற நேரமும் அதுதான் என்று எனக்குத் தெரியாதா, தெரியும். ஜன்னலை அடைத்து, கீபோர்டுக்கு அடியில் மெத்தையைப் போட்டு, கைக்கு மேலே கம்பளியை மூடினால் சத்தம் போகாது என்று கணக்குப் போட்டேன். மனுஷக் காதுக்குப் போகவில்லை. மொட்டுக்குப் போய்விட்டது.

மல்லிகையை மொட்டாகப் பறித்தால்தான் விலை. விரிந்த பூ மதுரை போய்ச் சேருவதற்குள் துவண்டுவிடும், சென்ட் கம்பெனிக்காரன்தான் வேண்டாவெறுப்பாக வாங்குவான். அந்த விடியலில் மதினி நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் மடியைக் கட்டிக்கொண்டு செடி வரிசையில், எங்கள் பேச்சில் நிரையில், இறங்க, அவர்கள் விரல் போவதற்கு ஒரு சாண் முன்னால் ஒவ்வொரு மொட்டாக விரிந்துகொண்டே போனதாம், இவர்கள் ஓட அது ஓட, விரட்டிப் பிடிக்கிற விளையாட்டு மாதிரி, கடைசிச் செடி வரைக்கும் ஒரு மொட்டுக்கூட மடியில் விழவில்லையாம். நிமிர்ந்து பார்த்தால் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று சிரிக்கிறது. அப்படி ஒரு அழகை இந்த ஊர் கண்டதில்லை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்தார்கள்.

மதினி என்னைத் திட்டுவார்கள் என்று வேலியோரமே நின்றேன். திட்டவில்லை. கதையும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

களத்தில் ஊர் கூடிற்று. கத்தவெல்லாம் இல்லை, வெயில் ஏறும் முன்னே முடித்துவிடலாம் என்கிற மாதிரிதான் பேசினார்கள். பிள்ளை நல்ல பிள்ளைதான், வேலையும் நல்ல வேலைதான், ஆனால் ஊர் பிழைப்பது மொட்டில். ஆகவே அழகு ஒன்று வேலையை விட வேண்டும், இல்லையென்றால் மதுரையில் வீடு பார்த்துப் போய் அங்கே தட்ட வேண்டும். வீரணன் குனிந்து வேன் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். வேன் இந்த ஊர்ப் பூவுக்கு ஓடுகிற வேன், அது மதுரைக்குக் குடிவராது. மகிழினி களத்துச் சாக்கைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் நிற்கப் பழகியிருந்தாள், நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை, யோசனைதான் வந்தது. எழுந்து சொன்னேன்.

"குத்தம் தட்டுறதுல இல்ல, நீலத்துல இருக்கு. சோறு குழைஞ்சா அடுப்பையா ஒடைப்பீங்க? எனக்கு ஸ்விட்ச மாத்திக்க ஒரு வாய்ப்பு குடுங்க."

மூன்று நிறத்தையும் விளக்கினேன். சத்தமே போடாதது எது என்று தவசி அண்ணன் கேட்டார். சிவப்பு என்றேன். அப்புறம் யாரும் மற்றதைக் கேட்கவே இல்லை, சிவப்பு, சிவப்பு என்று ஊரே முடிவு செய்துவிட்டது. மதினி மட்டும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள்.

என் கீபோர்டில் ஒரு வசதி, ஸ்விட்சை மட்டும் சின்ன இடுக்கியால் பிடுங்கிவிட்டு வேறு ஸ்விட்சைச் செருகிக்கொள்ளலாம், முழுக் கீபோர்டையும் மாற்ற வேண்டியதில்லை. வாங்கும்போது இதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். நீலத்தையெல்லாம் பிடுங்கிக் காலிக் கடுகு டப்பாவில் போட்டு மகிழினிக்குக் கிலுகிலுப்பையாகக் கொடுத்தேன். சிவப்பைச் செருகினேன். விடியலில் நான் தட்ட, வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பறிக்க, ஒரு மொட்டும் அசையவில்லை. ஊர் நிம்மதியாகக் காப்பி குடித்தது.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. சிவப்பில் விரலை வைத்து யோசித்தாலே எழுத்து விழுந்துவிடும். எங்கே விழுந்தது என்றும் விரலுக்குத் தெரியாது. மாமியார் ஒரு தடவை சொன்ன சொல் திரையில் இரண்டு தடவை வந்தது. உங்க மாமியார் கிணத்துக்குள்ள இருந்தா பேசுறா, எதிரொலி வருதே என்று ஷர்மிளா மேடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் அந்தச் சிரிப்புக்கு அப்புறம் நிரந்தரம் என்கிற வார்த்தையைச் சொல்லவில்லை.

அதற்குள் பூவும் பிசகிற்று. சாயங்காலம் ஆனது, விளக்கு வைத்தார்கள், மொட்டு விரியவில்லை. மறுநாளும் விரியவில்லை. வேலியோரத்துத் தோட்டங்களில் நான் தட்டத் தட்டப் பறித்த மொட்டெல்லாம் வாயை மூடினது மூடினபடியே, வாசம் இல்லாமல், பல் மாதிரி வெள்ளையாக இருந்து, பிறகு மொட்டாகவே மஞ்சளித்தது. பேசுகிற ஸ்விட்ச் விரியச் செய்தது என்றால், பேசாத ஸ்விட்ச் ஒரு தட்டுக்கு ஒரு மொட்டாக அடைத்துக்கொண்டே போயிருக்கிறது. மார்க்கெட்டில் வீரணனைப் பிடித்துக்கொண்டு, இது செடியில் பூத்ததா, மோல்டில் ஊற்றினதா என்று கேட்டார்களாம். பூசாரி மாலையோடு என் ஜன்னலுக்கு வந்து, விரியாத மாலையைக் காட்டிவிட்டுப் போனார்.

சுருளியம்மா மதினியின் மகளுக்கு வத்தலக்குண்டில் வளைகாப்பு. தன் தோட்டத்துப் பூதான் மகள் தலைக்கு என்று அன்று காலையில் தன் கையாலேயே பறித்து, கட்டி, ஒரு கூடை கொண்டுபோயிருந்தார்கள். விளக்கேற்றி வளையல் அடுக்கி முடிகிற வரைக்கும் ஒரு மொட்டுக்கூட விரியவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருத்தி, மொட்டாவே வாடுற பூவை நிறைமாசக்காரி தலையில வைப்பாங்களா என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்க, மகள் எழுந்துபோய்ச் சரத்தைக் கழற்றி ஜன்னல் கம்பியில் தொங்கப்போட்டுவிட்டாளாம். மதினி பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல், பஸ்ஸை விட்டு இறங்கின கையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். கீபோர்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். அழுதிருந்தார்கள் என்று தெரிந்தது.

"அந்தச் செகப்பப் பிடுங்கிரு."

"பிடுங்கிட்டு?" என்றேன். "நீலத்தயா மாட்டச் சொல்றீங்க மதினி?"

"நீலத்த மாட்டுனா உன் கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன். ஏதாவது பண்ணு. எனக்கு என் பூவு வேணும்."

நான் சும்மா இருந்தவள் இல்லை. ஷர்மிளா மேடம் சிரித்த அன்றைக்கே வீரணனிடம் சொல்லி, மதுரையில் கீபோர்டு விற்கிற கடையில் இருந்து சாம்பிள் பலகை ஒன்றை வாங்கிவரச் செய்திருந்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், மூன்று நிறத்திலும் ஒவ்வொரு ஸ்விட்ச், எதனோடும் இணைக்காமல் சும்மா அமுக்கிப் பார்க்கலாம். அதை மதினி மடியில் வைத்து, நிறத்தைப் பார்க்க வேண்டாம், பூப்பறிக்கிற மாதிரி இருட்டில் விரலை ஓட்டுங்கள் என்றேன். மதினி கண்ணை மூடினார்கள். நீலத்தை அமுக்கி, இது வாயாடி என்றார்கள். சிவப்பை அமுக்கி, இதுக்கு எது வாசல் எது கொல்லைன்னே தெரியலையே என்றார்கள். பழுப்புக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி அமுக்கினார்கள், மறுபடி, மறுபடி. இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேர்ந்து காற்றில் எதையோ கிள்ளின.

"ஏ அழகு, இது காம்புடி."

நானும் விரலை வைத்தேன். ஆமாம். மொட்டைக் கிள்ளும்போது காம்பு பிடி கொடுக்காமல் ஒரு கணம் நின்று, பிறகு இளகும் அல்லவா, அந்த இடம்தான் அது. அந்த இடம் தாண்டினதும் விரலை எடுத்துவிட வேண்டும், அதற்கு மேலும் அமுக்கினால் மொட்டு நசுங்கிப்போகும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னே அம்மாவோடு நிரை பிடித்துப் பூப்பறித்த விரல்தான் என் விரலும். விரலிடம் கேட்க வேண்டியதைக் கண்ணிடமும் காதிடமும் கேட்டு வாங்கியிருக்கிறோம், நான் நீலத்தை, ஊர் சிவப்பை. வீரணன் சொன்ன சேலைப் பேச்சு நினைவுக்கு வந்தது, ஆனால் அதை அவரிடம் நான் இன்று வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

பழுப்பு வந்து சேர்ந்ததும் மதினியே பக்கத்தில் உட்கார்ந்து, இடுக்கியால் சிவப்பைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் விடியலில் ஊரில் ஒருத்தரும் உடனே பறிக்கவில்லை, எல்லார் நெற்றி லைட்டும் என் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன, தோட்டத்துக்குள் நட்சத்திரம் இறங்கி நிற்கிற மாதிரி. தட்டினேன். மேட்டைத் தாண்டினதும் விரலை எடுத்தேன், அடிமட்டம் வரைக்கும் போகவே இல்லை. மொட்டு எதுவும் விரியவில்லை. மதினி முதல் மொட்டைக் கிள்ளினார்கள். நான் ஒரு சொல் தட்ட, அவர்கள் ஒரு பிடி கிள்ள, நான் நிறுத்தினால் அவர்கள் கையும் நிற்க, மாமியாரின் கோபமும் மருமகளின் பதிலும் என் விரல் வழியே போய் அவர்கள் விரலில் பூவாக இறங்க, வெயில் வரும் முன்னே எபிசோடும் முடிந்தது, நிரையும் முடிந்தது. என் விரலில் மரப்பே இல்லை. அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அந்த மொட்டுகள் எங்கெங்கே போயிருந்தனவோ அங்கங்கே, மதுரையில் கல்யாண மண்டபத்திலும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் தலையிலும் வத்தலக்குண்டில் மதினியின் மகள் கொண்டையிலும், ஒரே நேரத்தில், ஒன்று பாக்கியில்லாமல் விரிந்தன.

பிறகு ஊர் இதையும் பழகிக்கொண்டது. தவசி அண்ணன் களத்தில் தட்டின பூ, தட்டாத பூ என்று இரண்டு குவியல் போட ஆரம்பித்தார், மார்க்கெட்டிலும் அதே பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள். கிழக்குத் தோட்டத்துக்காரர்கள், எங்கள் பக்கம் கேட்கவில்லை, மேஜையைத் திருப்பிப் போடு என்று சண்டைக்கு வந்தார்கள், வாரத்துக்கு ஒரு திசை என்று முறை வைத்தேன். பஞ்சாயத்து ஒலிபெருக்கியில் இணைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், கதை வெளியே போகும் என்று மறுத்துவிட்டேன். எதிரொலி நின்றுவிட்டது என்று ஷர்மிளா மேடம் சொன்னார், நிரந்தரத்தையும் சேர்த்தே சொன்னார். மதுரையில் வீடு பார்ப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடியலில் நான் உட்காரக் கொஞ்சம் தாமதமானால் வேலியில் இருந்து குரல்தான் வருகிறது, ஏண்டி இன்னும் எந்திரிக்கலையா, நிரை காத்துக்கிடக்கு என்று.

நீலத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். கீபோர்டின் மேல் மூலையில் எஸ்கேப் என்று ஒரு விசை, வசனம் அடிக்கிறவளுக்கு அது தேவையே படாது, அதற்கு அடியில் செருகியிருக்கிறேன். அவசரத்துக்கு ஒரு கல்யாணப் பெண் வந்தால் ஆகும்.

நேற்று வேன் கிளம்பின பிறகு மதினி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காதோரம், சரத்தில் இருந்து அறுத்த ஒரு கண்ணி மொட்டு வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் செடியைப் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் மகிழினியைக் கொஞ்சினார்கள். அப்புறம் கேட்டார்கள், அன்றைக்கு நின்றுபோனதில் இருந்து முதல் தடவையாக.

"அந்த மருமக... இன்னைக்கு வீட்ட விட்டுப் போயிருவாளா, இருந்துருவாளா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன் மதினி. வாயால சொல்லக்கூடாது."

"வாயால யாரு கேட்டா" என்றார்கள். "இருந்துருவான்னா ஒண்ணு தட்டு."

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். மூலையில் இருக்கிற அந்த ஒரு விசையை ஒரே ஒரு தடவை தட்டினேன். டக் என்றது. மதினியின் காதோரத்தில் ஒரு மொட்டு விரிந்தது.

அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை, விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நிரைக்குள் நடந்துபோனார்கள்.